பெர்மெத்ரின் தடவியும் அரிப்பு நிற்கவில்லை என்றால்

ஒரு தாய் கேட்டிருந்த கேள்வி இது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் 11 வயது மகன் கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. வரும்போதே விரல் இடுக்கிலும் இடுப்பிலும் அரிப்பு. இரவானால் தூங்க முடியவில்லை. முதலில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு ஆயின்மென்ட் வாங்கிப் போட்டார்கள். இரண்டு நாள் அடங்கியது, பிறகு முன்பைவிடப் பரவிவிட்டது. டாக்டர் பார்த்துச் சிரங்கு என்று சொல்லி, பெர்மெத்ரின் 5 சதவீத கிரீம் இரண்டு ட்யூப் எழுதிக் கொடுத்தார். பொரி இருக்கும் இடத்திலெல்லாம் ஐந்து இரவு தடவியும் அரிப்பு நிற்கவில்லை. இப்போது அம்மாவுக்கும் மணிக்கட்டில் அரிக்க ஆரம்பித்திருக்கிறது. வீட்டில் தாய்ப்பால் குடிக்கும் நான்கு மாதக் குழந்தை இருக்கிறது, சர்க்கரை நோய் உள்ள மாமியார் இருக்கிறார். இன்னும் எத்தனை நாள் தடவ வேண்டும், குழந்தைக்குத் தடவலாமா, வேறு மருந்துக்கு மாற வேண்டுமா, பையனை எப்போது ஹாஸ்டலுக்கு அனுப்பலாம் என்று கேட்கிறார்.

முதலில், இன்று இரவு தடவாதீர்கள். ஐந்து நாள் தடவியதால் பையனுக்கு ஆபத்து ஒன்றும் வந்துவிடாது. ஆனால் ஆறாவது நாள் தடவுவதால் பயனும் இல்லை. தினம் தடவினால் தோல் வறண்டு, எரிந்து, அந்த எரிச்சலே புது அரிப்பாகிவிடும். இந்த மருந்து படர்தாமரை மருந்து போலத் தினமும் போடுவது இல்லை. ஒரு இரவு, ஒரு வாரம் கழித்து இன்னொரு இரவு. மொத்தம் இரண்டே முறை. ஆனால் அந்த இரண்டு முறையும் உடம்பு முழுக்க, வீட்டில் இருக்கும் எல்லோரும், ஒரே இரவில்.

நான் மருந்தாளுநர். கவுன்ட்டரில் நின்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பெர்மெத்ரின் வாங்கிப் போனவர்கள் "கேட்கவில்லை" என்று திரும்பி வருவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். எங்கே தடவினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் விரல் இடுக்கைக் காட்டுவார்கள். ஆரம்ப காலத்தில் நானும் ட்யூபைக் கவரில் போட்டுக் கொடுத்து, "ராத்திரி தடவிட்டுக் காலைல குளிச்சிடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பியவள்தான். எங்கே, எவ்வளவு, யார் யார் என்று சொல்லவில்லை. ஒரு குடும்பம் மூன்று மாதம் அலைந்த பிறகுதான் என் பங்குத் தவறு எனக்குப் புரிந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பொரி இருக்கும் இடத்தில் மட்டும் தடவினால் ஏன் போதாது? சிரங்குப் பூச்சியை வெறும் கண்ணால் பார்ப்பது கடினம். பெண் பூச்சியே அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அது தோலின் மேல் அடுக்கில் வளை தோண்டி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முட்டை வீதம் இட்டுக்கொண்டே போகும். உடம்பெல்லாம் அரிக்கிறதே, ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று நினைப்போம். சாதாரணமாக ஒருவர் உடம்பில் 10 முதல் 15 பூச்சிகள்தான் இருக்கும். நாம் பார்க்கும் பொரியெல்லாம் அந்தப் பூச்சிக்கும் அதன் கழிவுக்கும் உடம்பு காட்டும் ஒவ்வாமை. வயிற்றில் பொரி இருக்கும், அங்கே ஒரு பூச்சிகூட இருக்காது. கணுக்காலில் ஒன்றுமே தெரியாது, ஒரு பூச்சி வளைக்குள் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பத்துப் பன்னிரண்டும் எங்கே இருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரு விரற்கடை இடமும் விடாமல் தடவச் சொல்கிறோம். தவறவிட்ட ஒரு பெண் பூச்சி போதும், மறுபடி தொடங்க.

அடுத்தது, வீட்டில் அரிப்பே இல்லாதவர்கள் ஏன் தடவ வேண்டும் என்பது. வாழ்க்கையில் முதல் முறை சிரங்குப் பூச்சி தொற்றியவருக்கு அரிப்பு தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். அதுவரை உடம்புக்கு அந்நியம் புகுந்திருப்பதே தெரியாது. ஆனால் அந்த நாட்களிலும் அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும். மகன் வந்து ஒரு மாதம், இப்போது உங்களுக்கு அரிப்பு. கணக்கு சரியாக இருக்கிறது. உங்கள் கணவருக்கும் மாமியாருக்கும் குழந்தைக்கும் இன்னும் அரிக்கவில்லை என்பதால் அவர்களிடம் பூச்சி இல்லை என்று சொல்ல முடியாது. பையனுக்கு மட்டும் தடவிக் குணமாக்கினால், அடுத்த வாரம் பாட்டி பக்கத்தில் படுத்து மறுபடி வாங்கிக்கொள்வான். ஒருமுறை வந்து போனவருக்கு இரண்டாம் முறை தொற்றினால் ஒன்று முதல் நான்கு நாளிலேயே அரிப்பு தொடங்கிவிடும், உடம்பு பழைய எதிரியை அடையாளம் கண்டுகொள்வதால்.

சரி, மருந்துக் கணக்குக்கு வருவோம். 30 கிராம் ட்யூப் ஒன்று, 12 வயதுக்கு மேல் உள்ள ஒருவருக்கு ஒரு முறைக்கு. கொஞ்சம் பெரிய உடம்பு என்றால் அதற்கு மேலும் தேவைப்படும். 5 முதல் 12 வயதுக்கு அரை ட்யூப். ஒன்று முதல் 5 வயதுக்குக் கால் ட்யூப். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை எட்டில் ஒரு பங்கு. உங்கள் வீட்டில் நீங்கள், கணவர், மாமியார் மூன்று பேருக்கு மூன்று ட்யூப், பையனுக்கு அரை, குழந்தைக்குக் கொஞ்சம். ஒரு இரவுக்கே கிட்டத்தட்ட நான்கு ட்யூப். இரண்டு முறைக்கு எட்டு. உங்களிடம் இருந்தது இரண்டு. டாக்டர் பையனுக்கு மட்டும் நினைத்து எழுதியிருப்பார், வீட்டில் குழந்தை இருப்பதும் உங்களுக்கு அரிப்பு தொடங்கியதும் அப்போது அவருக்குத் தெரிந்திருக்காது. அதனால் அவரிடம் திரும்பிப் போங்கள். எப்படித் தடவினீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், என்ன வயது, குழந்தை என்ன எடை என்று சொல்லுங்கள். இந்த ஐந்து நாளைக் கணக்கில் எடுக்காமல் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார் என்றுதான் நினைக்கிறேன். எட்டு ட்யூப் என்பது பல குடும்பங்களுக்குப் பெரிய செலவு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காட்டினால் மருந்து அங்கேயே கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது ட்யூபில் 5 சதவீதம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு சதவீத பெர்மெத்ரின் என்பது பேனுக்கு, தலையில் பத்து நிமிடம் வைத்து அலசுவது. அது சிரங்குக்குப் போதாது. பெர்மெத்ரின் சோப்பும் விற்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் கழுவிவிடும் சோப்பால், எட்டு மணி நேரம் தோலில் ஊற வேண்டிய மருந்தின் வேலையைச் செய்ய முடியாது. சோப்பு வாங்கும் காசில் இன்னொரு ட்யூப் வாங்குங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது, கேட்கவே பதறும். மூட்டைப்பூச்சி மருந்திலும் இதே வகைப் பொருள்தானே என்று அதை உடம்பில் பூசியவர்கள் உண்டு. மண்ணெண்ணெய் தடவியவர்களும் உண்டு. இரண்டும் வேண்டவே வேண்டாம்.

இனி அந்த இரவு. சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் துவைக்க நேரம் இருக்கும். மாலையிலேயே எல்லோரும் குளித்துவிடுங்கள். தலைக்கு வைத்த எண்ணெய் கழுத்தில் வழிந்திருந்தால், பவுடர் போட்டிருந்தால், எல்லாம் போகட்டும். ஆனால் சுடச்சுட வெந்நீரில் குளித்துவிட்டு உடனே தடவக் கூடாது. சூடான ஈரத் தோலில் மருந்து வேண்டிய அளவுக்கு மேல் உள்ளே போய்விடும். துவட்டி, உடம்பு நன்றாக ஆறி உலர்ந்த பிறகுதான் தடவ வேண்டும். நகங்களை ஒட்ட வெட்டுங்கள். இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். கையில் தடவிவிட்டுச் சாப்பிட்டால் மருந்து வாய்க்குள் போகும், கை கழுவிச் சாப்பிட்டால் பூச்சி அதிகமாக இருக்கும் இடத்தில் மருந்து இருக்காது. அப்படியே பசித்தால் ஸ்பூனால் சாப்பிடட்டும்.

மேலிருந்து கீழே போங்கள். காதின் பின்புறம், பிடரி, கழுத்து, தோள், அக்குள், முழங்கை, மணிக்கட்டு, ஒவ்வொரு விரல் இடுக்கு, நகத்தின் அடி. நகத்தடிக்கு ஒரு பழைய டூத் பிரஷ் நல்லது, முடிந்ததும் எறிந்துவிடுங்கள். அப்புறம் மார்பு, மார்புக்கு அடியில் உள்ள மடிப்பு, தொப்புளின் உள்ளே, இடுப்பு, பிறப்புறுப்பு, தொடை இடுக்கு, புட்டம், அதன் நடுப் பிளவு, முழங்காலின் பின்புறம், கணுக்கால், உள்ளங்கால், கால் விரல் இடுக்கு. முதுகுக்கு இன்னொருவர் கை வேண்டும். பிறப்புறுப்பைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஆண்களுக்கும் பையன்களுக்கும் அந்த இடத்தில் பொரி வருவது சிரங்கின் முக்கியமான அடையாளம். 11 வயதுப் பையன் அம்மாவிடம் அதைக் காட்ட வெட்கப்படுவான், தடவிவிட்டேன் என்று சொல்லிவிடுவான். அந்தப் பொறுப்பை அப்பாவிடம் கொடுங்கள்.

நம் வீடுகளில் எளிதாக விட்டுப்போகும் இடம் ஒன்று இருக்கிறது: அரைஞாண் கயிறு. அதன் அடியில் மருந்து படாது. பழைய கயிறு என்றால் வெட்டி எறிந்துவிட்டு, சிகிச்சை முடிந்த பிறகு புதுசு கட்டலாம். குழந்தையின் இடுப்பில், காலில் கட்டிய கருப்புக் கயிறும் அப்படித்தான். கோயில் கயிறு, காப்பு, வளையல், மோதிரம், மெட்டி ஆகியவற்றைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். தாலிக் கயிற்றைக் கழற்ற மனம் வராது, தேவையும் இல்லை. நகர்த்திவிட்டு அடியில் தடவுங்கள்.

கிரீம் தேய்த்ததும் தோலில் மறைந்துவிடும். வெள்ளையாகத் தெரியவில்லையே என்று மேலும் மேலும் பூச வேண்டாம். சுத்தமான, தளர்வான உடை போட்டுக்கொண்டு படுக்கலாம். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், 14 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். இரவு 9 மணிக்குத் தடவினால் காலை 7 மணிக்குக் குளிக்கலாம். நடுவில் கழிவறைக்குப் போய் வந்து கால், கை கழுவினால், கழுவிய இடத்தில் மறுபடி தடவ வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதால்தான் கை மட்டும் குணமாகாமல் நிற்கிறது. தடவியதும் கொஞ்சம் எரியலாம், குத்துவது போல் இருக்கலாம், அரிப்பு ஒரு நாள் கூடலாம். பொதுவாகத் தானே அடங்கிவிடும். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காலைக் குளியல் வீட்டிலேயே நடக்கட்டும், குளத்தில் வேண்டாம். இந்த மருந்து மீன்களுக்குக் கடும் விஷம். பூனைகளுக்கும் அப்படித்தான். மருந்து தடவிய கையைப் பூனை நக்காமல், மடியில் ஏறாமல் அன்று இரவு தனியாக வையுங்கள்.

மீனுக்கும் பூனைக்கும் விஷம் என்றால் மனிதனுக்கு? இது நியாயமான பயம். பெர்மெத்ரினின் மூலக் கரு சாமந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு பூவிலிருந்து வந்தது. அந்தப் பூவில் உள்ள பூச்சிக்கொல்லிப் பொருள் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். அதை மாதிரியாக வைத்து, கெடாத ஒன்றை இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டின் குழு 1973இல் உருவாக்கியது. பூச்சியின் நரம்பில் சோடியம் போகும் வாசலை மூடவிடாமல் செய்து அதை முடக்கிவிடும். நம் தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு, சுமார் 2 சதவீதமோ அதற்கும் கீழோதான். போனதையும் உடம்பு சீக்கிரம் உடைத்துச் சிறுநீரில் தள்ளிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்த வேலை சரியாக வராது, அதனால்தான் அதற்கு ஆபத்து. இதற்கு முன் நம் ஊரில் தாராளமாகப் புழங்கிய காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு, அதாவது லிண்டேன், அப்படி இல்லை. நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும், குழந்தைகளுக்கு வலிப்புகூட வந்திருக்கிறது. பழைய பாட்டில் வீட்டில் இருந்தால் குழந்தைக்குத் தொடவே தொடாதீர்கள். பென்சைல் பென்சோயேட் என்ற பால் போன்ற மருந்தை என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். சொறிந்த புண்ணில் பட்டால் துள்ள வைக்கும். அதோடு ஒப்பிட்டால் பெர்மெத்ரின் எவ்வளவோ சாது.

உங்கள் கைக்குழந்தைக்கு வருகிறேன். பெர்மெத்ரின் கிரீமை இரண்டு மாதம் நிறைந்த குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாம். உங்கள் குழந்தைக்கு நான்கு மாதம், ஆகவே டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னபடி தடவலாம். பெரியவர்களுக்கும் குழந்தைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பெரியவர்களுக்குப் பொதுவாகப் பூச்சி கழுத்துக்கு மேலே ஏறாது. கைக்குழந்தைகளுக்கு உச்சந்தலை, நெற்றி, காது, உள்ளங்கை, உள்ளங்கால் எல்லா இடத்திலும் இருக்கும். அதனால் தலையிலும் முகத்திலும் தடவ வேண்டும், கண்ணையும் வாயையும் சுற்றி மட்டும் விட்டுவிட்டு. கையை வாயில் வைக்காமல் இருக்க மெல்லிய பருத்தி உறை போட்டுவிடுங்கள், சாக்ஸ்கூடப் போதும். எட்டு மணி நேரம் ஆனதும் குளிப்பாட்டிவிடுங்கள். இரண்டு மாதம் நிறையாத குழந்தையாக இருந்தால் பேச்சே வேறு. அப்போது டாக்டர்கள் பெரும்பாலும் கந்தகக் களிம்பைத் தேர்ந்தெடுப்பார்கள், நீங்களாக எதுவும் போடக் கூடாது.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. மார்பிலும் தடவத்தான் வேண்டும், காம்பைச் சுற்றிப் பூச்சி வளை தோண்டும். ஆனால் ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்பும் காம்பையும் சுற்றியுள்ள இடத்தையும் தண்ணீரில் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, கொடுத்து முடித்ததும் மறுபடி தடவுங்கள். நான்கு மாதக் குழந்தை இரவில் மூன்று முறை எழும், உங்களுக்கு அன்று தூக்கம் போச்சு. பால் எடுத்து வைக்க முடிந்தால் மாலையிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் இலகுவாக இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் இந்த மருந்தைத்தான் டாக்டர்கள் முதலில் தருகிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

உங்கள் மாமியாரை நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். வயதானவர்களுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் சில சமயம் அரிப்பு அதிகம் இருக்காது. உள்ளங்கையிலும் காலிலும் நகத்தடியிலும் தடிப்பாகச் செதில் செதிலாகப் படிந்திருக்கும். பித்தவெடிப்பு என்று நினைத்து விட்டுவிடுவோம். அது பொறுக்குச் சிரங்காக இருந்தால் அந்த ஒருவர் உடம்பில் ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில்கூடப் பூச்சிகள் இருக்கும். வீடே திரும்பத் திரும்பப் பாதிக்கப்படுவதற்கு அது ஒன்றே காரணமாகலாம். அதற்கு இரண்டு முறை கிரீம் போதாது, மாத்திரையும் சேர்த்துத் தோல் டாக்டர்தான் பார்க்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை என்றால் மற்றவர்களைப் போலத் தடவலாம், வயதானவர் என்பதால் உச்சந்தலை, காது, நெற்றியையும் சேர்த்து. சர்க்கரை இருப்பதால் காலில் சொறிந்த புண் இருக்கிறதா என்று தினம் பாருங்கள்.

மறுநாள் துவைக்கும் வேலை. இதில்தான் பலர் தேவையில்லாமல் நொந்துபோகிறார்கள். வீட்டைக் கழுவி, பூச்சிமருந்து அடித்து, மெத்தையை எரித்தவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கென்னத் மெலன்பி என்ற விஞ்ஞானி, போரில் சேர மறுத்த தன்னார்வலர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். சிரங்கு உள்ளவர்கள் படுத்த கம்பளியைத் துவைக்காமலே மற்றவர்களுக்குக் கொடுத்துப் படுக்க வைத்தார். தொற்றியது மிகச் சிலருக்குத்தான். உடம்போடு உடம்பு நேரம் எடுத்து ஒட்டி இருப்பதுதான் முக்கிய வழி என்று அதிலிருந்து தெளிவானது. பக்கத்தில் படுத்துத் தூங்குவது, குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது, கை கோத்து உட்கார்ந்திருப்பது, எல்லாம் அதில் அடக்கம். ஒரு முறை கை கொடுத்தால் வந்துவிடாது. மனித உடம்பை விட்டு வெளியே வந்த பூச்சி இரண்டு மூன்று நாளில் செத்துவிடும்.

ஆகவே கடைசி மூன்று நாளில் போட்ட உடை, துண்டு, போர்வை, தலையணை உறை மட்டும் போதும். கொதிக்கும் அளவு சூடான நீரில் ஊறவைத்துத் துவைத்து நல்ல வெயிலில் காய வையுங்கள். துவைக்க முடியாத கம்பளி, ஸ்வெட்டர், பொம்மை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஓரமாக வைத்தால் போதும். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீடுகளில் இந்தப் பை வழிதான் எனக்குப் பிடித்தது. பாய், மெத்தையை வெயிலில் போடுங்கள். புத்தகம், பாத்திரம், சுவர் எதற்கும் எதுவும் செய்ய வேண்டாம்.

ஏழாவது நாள் இரவு, அதாவது அடுத்த சனிக்கிழமை, இதே வேலையை அப்படியே இன்னொரு முறை. "குறைஞ்சிடுச்சே, எதுக்கு?" என்று விட்டுவிடாதீர்கள். முட்டைகள் மருந்துக்குத் தப்பிவிடக்கூடும். அவை மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும், பொரிந்தவை வளர்ந்து முட்டையிடும் பருவத்துக்கு வர 10 முதல் 14 நாள் ஆகும். ஏழாவது நாள் தடவும்போது, பொரிந்தவை வெளியே இருக்கும், அடுத்த தலைமுறை முட்டை இன்னும் வந்திருக்காது. அந்த இடைவெளியைப் பிடிப்பதற்குத்தான் இரண்டாவது முறை.

அதற்குப் பிறகும் அரிக்கும். இதைத்தான் நீங்கள் மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். பூச்சி செத்தாலும் அதன் உடலும் கழிவும் தோலின் மேல் அடுக்கில் இருக்கும். அந்தத் தோல் உரிந்து புதுத் தோல் வரும்வரை, இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு நீடிக்கலாம், போகப் போகக் குறைந்துகொண்டே வரும். மருந்து வேலை செய்யவில்லை என்று மறுபடி மறுபடி தடவுபவர்கள் எல்லாம் இந்த நான்கு வாரத்தில்தான் தவறு செய்கிறார்கள். குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவுங்கள், பருத்தி உடை போடுங்கள், இரவில் பையனுக்குச் செட்ரிசின் போன்ற மாத்திரை தரலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். குழந்தைக்கு அந்த மாத்திரை, சிரப் எதுவும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். வேப்பிலை போட்ட தண்ணீரில் குளிப்பது இதமாக இருந்தால் குளிக்கட்டும், ஆனால் மருந்துக்குப் பதிலாக அதை வைக்க வேண்டாம். அக்குளிலும் பிறப்புறுப்பிலும் சில பேருக்குக் கட்டி கட்டியாகத் தடிப்பு மாதக்கணக்கில் நிற்கும், பூச்சி எதுவும் உயிரோடு இல்லாமலே. அதற்கு டாக்டர் வேறு மருந்து தருவார்.

உண்மையிலேயே மருந்து கேட்கவில்லை என்றால் எப்படித் தெரியும்? இரண்டாவது முறை தடவி இரண்டு வாரம் ஆன பிறகும் புதுப் பொரிகள் முளைத்துக்கொண்டே இருந்தால், விரல் இடுக்கில் புதிதாக மெல்லிய வளைகோடு தெரிந்தால், நான்கு வாரம் கடந்தும் அரிப்பு குறையாமல் இருந்தால், மறுபடி காட்டுங்கள். சில நாடுகளில் பெர்மெத்ரின் முன்பு போல வேலை செய்வதில்லை என்ற புகார்கள் வந்திருக்கின்றன, உண்மைதான். அப்போது ஐவர்மெக்டின் மாத்திரை இருக்கிறது. எடைக்கு ஏற்றபடி, ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கணக்கில், ஒரு வாரம் அல்லது இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாக அதைத் தருவதில்லை. கால்நடைக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தை மனிதருக்குக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதன் பக்கமே போக வேண்டாம்.

முதலில் வாங்கிப் போட்ட ஆயின்மென்ட் என்ன என்று தேடி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், ஸ்டீராய்டு கலந்த கிரீமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அது தோலின் எதிர்ப்பை அடக்கி, அரிப்பையும் சிவப்பையும் இரண்டு நாளில் மறைத்துவிடும். பூச்சிக்கு அது கொண்டாட்டம், தடையில்லாமல் பெருகும். பொரியின் தோற்றமே மாறிவிடுவதால் டாக்டருக்கும் நோயைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது. மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒண்ணு கொடுங்க" என்று கேட்டு வாங்குவதை, ஒரு மருந்தாளுநராகவே கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து நிறுத்துங்கள்.

காத்திருக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. சொறிந்த இடத்தில் சீழ் வைத்தால், சிவந்து சூடாகப் பரவினால், காய்ச்சல் வந்தால், அதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். சீழ் வைத்த சிரங்கு வந்து சில வாரம் கழித்து, குழந்தையின் முகம் காலையில் ஊதியிருந்தால், சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனால், அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தோலில் புகுந்த ஒரு வகைக் கிருமியால் சிறுநீரகம் வீங்கியிருப்பதன் அறிகுறி அது. அரிப்புதானே என்று நாம் அலட்சியமாக இருப்பதில் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான்.

வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். வெட்கப்பட ஒன்றுமே இல்லை. தினம் இரண்டு வேளை குளிப்பவர்களுக்கும் வரும், தோலுக்குள் வளை தோண்டி இருக்கும் பூச்சியைக் குளியல் என்ன செய்யும்? உலகத்தில் எந்த நேரத்திலும் 20 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சிரங்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் 2017இல் இதையும் சேர்த்தது. நெருக்கமாகப் படுத்து உறங்கும் இடம் எதுவானாலும் வரும், ஹாஸ்டல், ராணுவ முகாம், முதியோர் இல்லம், கூட்டுக் குடும்பம்.

பையனின் படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். முதல் முறை முழுமையாகத் தடவிக் காலையில் குளித்துவிட்டால், அடுத்த நாளே பள்ளிக்குப் போகலாம். ஆனால் ஹாஸ்டலுக்குக் கிளம்பும் முன் வார்டனுக்குப் போன் செய்யுங்கள். அவன் அறையில் படுக்கும் எல்லாப் பையன்களுக்கும் ஒரே நாளில் தடவ ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். மற்ற பெற்றோர்கள் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது. ஏழாவது நாள் ஹாஸ்டலில் இருப்பான் என்றால் இரண்டாவது முறைக்கான ட்யூபைக் கொடுத்து, முதுகுக்குத் தடவிவிட ஒரு ஆள் வேண்டும் என்று வார்டனிடமே சொல்லிவையுங்கள். அரிப்பு நன்றாக அடங்கிய பிறகு, ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போய் மூன்று நாளுக்குள் மறுபடி பலமாகத் தொடங்கினால், அது அங்கிருந்து புதிதாக வந்ததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்போது அவனை மட்டும் வீட்டுக்கு அழைத்து மருந்து போடாமல், அறை முழுவதையும் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.